சிந்து பிரித்துத் தைத்த வலைகள்

காட்டில் இருக்கும் என் பெரிய மகளுக்கு,

இப்படித் தொடங்கியிருப்பதைப் பார்த்ததும் நீ சிரிப்பாய். நான் உன் தங்கை, உன்னைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தது நீதான். கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாம்மா கொழம்பு இன்னிக்கு?” என்பாய். அதைக் கேட்டு அப்பாவும் பழகிக்கொண்டார். இப்போது சாவி காணாமல் போனாலும் “அம்மாவக் கேளு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறார். வெளியூர் போன பிள்ளைக்குப் பெற்றவள் ஒரு கடிதம் எழுதுவாள் இல்லையா, கொஞ்சம் புத்தி சொல்லி, பழையதைச் சொல்லி, கொஞ்சம் குறையும் சொல்லி. உனக்கு அப்படி எழுத அம்மா இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் படித்தாலும் பரவாயில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவர்களில் சிந்து படித்தாலும் சரி. அவள் படித்தால் நல்லதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததற்குப் பதில்தான் இது. உன் முகாமில் அந்தப் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், காற்று திரும்பினால் அதுவும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ சொன்னதில் பாதி விட்டு விட்டுத்தான் கேட்டது. ஆனால் கேட்க வேண்டியது நன்றாகவே கேட்டது. “அம்மாவோட தையல் மெஷின மேல அனுப்பிடுறியா? இங்க கரண்ட் கெடையாது, கால்ல மெதிக்கிற மெஷின்தான் ஆகும். சிந்து கத்துக்கினா மரத்தடியில கட்டுற வலையெல்லாம் இங்கயே தச்சிடுவா. உனக்கு மோட்டார் வெச்சது புதுசா வாங்கித் தரேன். உனக்கும் வேலை கொறையும்டி.” ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். “கரண்ட் இல்லாத எடத்துக்கு அதான் சரி. குடுத்துடலாம்” என்று அந்த நிமிடமே சொல்லிவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. “சரி, யோசிச்சுச் சொல்லு” என்று நீ சொன்னாய். ஆனால் உன் குரலில் ஏற்கனவே சம்மதம் கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது. நான் பேசாமல் இருந்தால் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்வது இந்த வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நடுவில் “சரி விடு” என்று சொல்ல முடியாது.

முதலில் பெற்றவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கடிக்காக நான் தைத்துக் கொடுத்த தடித்துணிக் காலுறையை மடக்கிப் போடாமல் முட்டிக்குக் கீழே இழுத்துக் கட்டு. நாடா அறுந்தால் சொல், வேறு தைத்து அனுப்புகிறேன். காலையில் மரம் பார்க்கக் கிளம்பும்போது வெறும் டீயோடு போகாதே. மேலேயே அண்ணாந்து பார்த்து நடக்கிற வேலை உனக்கு, கீழே வேர் இருக்கும், பாம்பு இருக்கும். கழுத்து வலிக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து, இங்கே யாராவது அண்ணாந்து பார்த்தாலே எனக்கு உன் ஞாபகம் வருகிறது. இன்னொன்று, அப்பாவிடம் யானைக் கதை சொல்லாதே. போன தடவை ஒற்றை யானை வழியில் நின்றதையும், நீங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றதையும் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அப்பாவும் சிரித்தார். போனை வைத்த பிறகு தட்டில் போட்ட சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் தட்டாஞ்சாவடி பட்டறையில் கூட வேலை செய்கிறவரிடம், “காட்டுல வேலை செய்றவங்களுக்கு துப்பாக்கி குடுப்பாங்களா?” என்று கேட்டாராம். அவர் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

நீ காட்டில் என்ன செய்கிறாய் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் சொல்தா வீட்டு அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும்போதெல்லாம் கேட்பார். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர், உலகமெல்லாம் பார்த்தவர் என்பதால் அந்த அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்தாக வேண்டும். “ஏம்மா, அவ்ளோ படிச்சிட்டு உங்கக்கா காட்டுல இன்னாதான் பண்றா?” எனக்கு ஆட்களைப் பார்த்துப் பேச வராது, உனக்குத் தெரியும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி, “எந்த மரம் எப்ப காய்க்குது, அத எந்தப் பறவ திங்குது, கொட்டைய எங்க கொண்டு போயி போடுதுன்னு பாக்குறாங்க” என்றேன். “அத இங்கயே பாக்கலாமே. எங்க வீட்டு வேப்ப மரத்துல காக்கா திங்குது, என் புடவ மேல போடுது” என்றார். அப்பா வாசலில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்ன மூன்று வரியும் நீ எனக்குச் சொன்னவை. என் சொந்த வரி ஒன்றுகூட இல்லை. நான் பார்த்தது என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வலை தைக்க ஆரம்பித்தது எப்படி என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பொங்கலுக்கு வந்தபோது பையிலிருந்து கிழிந்த ஒன்றை எடுத்துக் கூடத்தில் போட்டாய். வட்டமான கம்பியில் கொசுவலைத் துணியைப் பை மாதிரி தொங்கவிட்டுத் தைத்திருந்தது. மரத்தடியில் நான்கு குச்சி நட்டு, இடுப்பு உயரத்தில் கட்டிவைப்போம் என்றாய். மேலிருந்து விழுகிற பழம், கொட்டை, எச்சம் எல்லாம் அதில் சேரும், தரையில் விழுந்தால் எலி தின்றுவிடும், கணக்குத் தப்பிவிடும் என்றாய். “இத மாதிரி தைக்க முடியுமா? அங்க தச்சுக் குடுத்தவரு ஒத்தத் தையல் போட்டுக் குடுத்துட்டாரு, ஒரு மழைக்குத் தாங்கல.” நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். ஓரத்தில் துணியை மடிக்காமலேயே தைத்திருந்தார்கள். அப்பா பட்டறையில் கம்பி வளைத்துக் கொண்டுவந்தார். நான் இரட்டைத் தையல் போட்டேன், அடியில் முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, தண்ணீர் நிற்காமல் இறங்க வழி வைத்தேன். நீ இழுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீதான்மா எங்க டீம்ல முக்கியமான ஆளு” என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் பார்சல் போய்ச் சேர்ந்ததும் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். இருட்டுப் பச்சையில் ஒரு மரத்தின் கீழ்ப்பகுதி, அதற்குக் கீழே என் வலை, உள்ளே நான்கைந்து அத்திப்பழம், பெரிய கருப்புக் கொட்டைகள், ஒரு நீளமான இறகு. அந்த மரத்தின் பொந்தில் இருவாச்சி கூடு இருக்கிறது என்று சொன்னாய். பெட்டைப் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும், கொட்டையெல்லாம் கீழே விழும் என்றாய். அப்பா என்னைப் பார்த்து, “உன்ன மாதிரியே கீது, வீட்ட விட்டு வெளிய வராது” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அது குஞ்சு வளர்ந்ததும் தானே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம், நீதான் சொன்னாய். அப்பா அந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை. அந்தப் போட்டோவைத்தான் இன்றும் என் போனில் முதலில் தெரிகிற படமாக வைத்திருக்கிறேன். யாரும் கேட்டால் என்ன படம் என்று சொல்வதில்லை. என் தையல் அங்கே இருக்கிறது. நான் போகாத இடத்தில் மழையில் நனைந்துகொண்டு என் கைவேலை நிற்கிறது. அது போதும் என்று கொஞ்ச நாள் நினைத்தேன்.

அடுத்த தடவை தைக்கும்போது, கம்பி ஓரம் சீக்கிரம் அறுகிறது என்று நீ சொன்னதால் ரவிக்கைக் கழுத்துக்குப் போடுகிற மாதிரி பைப்பிங் வைத்தேன். கையில் மீந்திருந்தது சிவப்பு சாட்டின். கொசுவலை வெளுப்பில் சிவப்பு ஓரம், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ரவிக்கைக்காரி செய்கிற வேலை அது, காட்டுக்காரி யாரும் செய்யமாட்டாள். பத்து நாள் கழித்து நீ போனில் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாய், சோலைமந்திக் குட்டிகள் இறங்கி வந்து சிவப்பு ஓரத்தைப் பிடித்து இழுக்கின்றன, ஒன்று உள்ளேயே உட்கார்ந்து ஊஞ்சல் ஆடுகிறது என்று. “கொரங்குக்கெல்லாம் உன் ஃபேஷன் புடிச்சுப்போச்சுடி.” நானும் சிரித்தேன். நான் அனுப்பியது குரங்குக்குப் பிடித்திருக்கிறது என்பதில்கூட எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். மறு பார்சலில் மண் நிறத் துணி வைத்து அனுப்பிவிடலாம் என்று கடையில் போய் நிறம் பார்த்து வாங்கியும் வைத்துவிட்டேன். அதற்குள் உன் அடுத்த போட்டோ வந்தது. எல்லா வலையிலும் சிவப்பு ஓரம் போயிருந்தது. பழைய காக்கித் துணியைக் கிழித்து, கையாலேயே தைத்திருந்தது. கீழே நீ எழுதியிருந்தாய்: ‘சிந்து எல்லாத்தையும் பிரிச்சுத் தச்சுட்டா. சூப்பர்ல?’

நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருவர் தைத்ததை இன்னொருவர் பிரிப்பது என்றால் தையல்காரிக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. வாடிக்கைக்காரர்கள் என் ரவிக்கையை எடுத்துப்போய் வேறு கடையில் பிரித்துத் தைத்தால், அந்தத் தெரு வழியாக நான் கொஞ்ச நாள் போகமாட்டேன். சிந்துவின் தையல் சின்னச் சின்னதாக, நேராக ஓடியிருந்தது. எங்கேயாவது கோணலாக இருக்கிறதா என்று தேடினேன். கம்பி சேருகிற இடத்தில் துணி சுருங்கி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ‘சூப்பர்’ என்று உனக்குப் பதில் போட்டேன்.

அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தெருவில் இருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது. முகாமுக்குப் பக்கத்து மலைக்குடியிருப்பில் அவள் வீடு. என் வயது. என்னைப்போலவே ஒன்பதாவதோடு நின்றவள். உங்களோடு நடந்து வருகிறவள், வலையைக் கொட்டி எடுத்துக் கொட்டைகளைப் பிரித்து வைக்கிறவள். மழை வரப்போகிறது என்றால் பாட்டுப் பாடுவாளாம். நீ போன் செய்யும்போது முதலில் அப்பாவைக் கேட்பாய், பிறகு என்னைக் கேட்பாய், அதற்குப் பிறகு ‘எங்க சிந்து’ என்று ஆரம்பிப்பாய், அதோடு சிக்னல் போகும்வரை சிந்துதான். ஒருநாள் நீ அனுப்பிய வீடியோவில் நீ அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாய். அவள் போட்டிருந்தது நீல டாப்ஸ். உன் பிறந்தநாளுக்கு நான் வெட்டித் தைத்தது. கழுத்துக்கு மட்டும் மூன்று தடவை பேப்பரில் வெட்டிப் பார்த்தேன். ஏன் அவள் போட்டிருக்கிறாள் என்று கேட்டபோது, “மழைல அவ துணி ஒண்ணும் காயலடி, அதான் குடுத்தேன்” என்றாய். அது நியாயம்தான். ஆனால் உனக்குத் தோளில் எப்போதும் ஒரு விரல் இறங்கும் அந்த டாப்ஸ், அவளுக்குச் சரியாக நின்றது. அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கண் அங்கேதான் போனது.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு வந்தாயே, அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்கிறேன். நீ வருகிறாய் என்று ஒரு வாரமாக நான் ரவிக்கை எதையும் கையில் எடுக்கவில்லை. பைக்கில் உன் பின்னால் உட்கார்ந்து போகும்போது, நான் பேசவேண்டும் என்று சிலதை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். தேர் நகர்ந்ததும் நீ போனை எடுத்து வீடியோ போட்டாய். “சிந்து, பாத்தியா, இதான் தேரு. இரு, கடலக் காட்டுறேன்.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணலில் இறங்கி ஓடினாய். உன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாய். அலையில் நின்றுகொண்டு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். பாவம், அந்தப் பக்கம் அவள் அம்மா, தம்பி எல்லோரும் பாறை மேல் ஏறி நின்று பார்த்தார்களாம். திரும்பி வந்து முகமெல்லாம் சிரிப்பாக, “அவ கடலப் பாத்ததே இல்லடி, தெரியுமா?” என்றாய். நான் மலையைப் பார்த்ததில்லை. விழுப்புரத்துக்கு மேற்கே நான் போனதே இல்லை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. கூட்டத்தில் பம்பைச் சத்தம் அதிகமாக இருந்தது. உன் செருப்பைக் கீழே வைத்தேன், நீ போட்டுக்கொண்டாய், நாம் சுண்டல் வாங்கித் தின்றோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ எனக்குப் பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள்மேல் மட்டும் இல்லை, உன்மேலும். உன்மேல்தான் முதலில். அம்மாவின் காரியம் முடிந்த பிறகு யாரும் என்னைப் பள்ளிக்கூடத்தை விடச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், உனக்குக் கல்லூரிப் பேருந்து. யாராவது ஒருத்தி விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. பத்து நாள் லீவ் என்று ஆரம்பித்தது, அரைப் பரீட்சை வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். டீச்சர் வந்து கேட்டார். வகுப்பிலேயே வாய் திறக்காதவள் வாசலில் நின்றா பேசப்போகிறேன். நீ அப்போது இரண்டாம் வருஷம், நீ நிற்கக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இலையின் நரம்பு, பூவின் அடுக்கு என்று சொல்லும்போது, குழம்பு ஊற்றிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டேன் என்பது உனக்குத் தெரியுமா? நான் கரண்டியோடு நின்றதைத்தான் பார்த்தாய். கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளில் ஒன்று வாய் பேசும், ஒன்று பேசாது. பேசுகிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் செய்தாள். உன் பள்ளிக்கூடத்தில் ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனபோது, தம்பி தங்கைகளும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்து, “இவ இருந்துப்பா, இவளுக்கு வெயிலு ஆகாது” என்று சொன்னாள். எனக்கு வெயில் ஆகும். நீ நாமக்கோழி பார்த்தேன், நாரை பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாய், இரண்டு நாள் அதையே பேசினாய். அம்மா கெட்டவள் இல்லை. அவள் என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். மகளே, இதுதான் நான் உனக்குச் சொல்ல விரும்புகிற ஒரே புத்தி. உனக்குப் பிள்ளைகள் பிறந்தாலும் சரி, உன் கீழே ஆட்கள் வேலை செய்தாலும் சரி, வாயைத் திறக்காமல் நிற்கிறவரிடம் போய் ஒரு தடவை கேள். நீ காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் கீழே போய் நின்று, காய்த்திருக்கிறதா, பூத்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறாய். அவ்வளவு பொறுமை உனக்கு இருக்கிறது.

இப்போது மெஷின். அது அம்மாவுடையது என்பதற்காக நான் தயங்கவில்லை. ஒரு சாமானைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நான் இல்லை. அதன் பெல்ட் மூன்று முறை மாற்றியாகிவிட்டது, மேல்பலகை அப்பா புதிதாகப் போட்டது, அதில் அம்மாவுடையது என்று மிச்சம் இருப்பதே பாதிதான். நான் தயங்குவது வேறொன்றுக்கு. அது மேலே போய்விட்டால் சிந்து தைப்பாள். நன்றாகவே தைப்பாள், அந்தக் கைத்தையலைப் பார்த்தவளுக்கு அது தெரியும். அதன் பிறகு இங்கிருந்து பார்சல் வராது. ‘வலை கிழிஞ்சிடுச்சு, எத்தினி நாள்ல ஆகும்?’ என்று நீ எனக்குப் போன் செய்யவேண்டிய வேலை இருக்காது. உனக்கும் வேலை குறையும் என்று நீ சொன்னாய். அக்கா, அது ஒன்றுதான் எனக்கு வேலையாகத் தெரியாத வேலை. மோட்டார் மெஷின் வந்தால் சொல்தா வீட்டு அம்மாவுக்கு இன்னும் வேகமாக ரவிக்கை தைப்பேன். அவ்வளவுதான் நடக்கும்.

மூன்று நாள் இதை மனசில் போட்டு உருட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முதல் நாள் நினைத்தேன். கொடுத்துவிட்டு உன்னோடு பேசாமல் இருக்கலாம் என்று இரண்டாம் நாள் நினைத்தேன். நேற்று மழை விடாமல் பெய்தது, அப்பாவுக்குப் பட்டறை லீவ். அவர் கட்டிலில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் துணியை மடித்துக்கொண்டே அவரைப் பார்க்காமல் கேட்டேன்.

“நான் இல்லன்னா நீ சோறு பொங்கிப்பியா?”

“எங்க போற, கடைக்கா?”

“மெஷின் கூட.”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். “அது பார்சல் லாரில போவும். அதுகூட ஆளு இன்னாத்துக்கு?”

“சொல்லிக் குடுக்கணும்ல. மெஷின அனுப்பினா மட்டும் தைக்க வந்துடுமா? நூலு கோக்குறது, பெல்ட்டு மாட்டுறது, மெதிக்கிறது. அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லித் தருவா? அக்காவா? அவளுக்கு ஊசிக் காதே தெரியாது.”

“நீயா? காட்டுக்கா? வீட்டுக்கு ஆளு வந்தா சமையக்கட்டுல போயி நிக்கிற. அங்க எல்லாரும் படிச்சவங்களா இருப்பாங்க. நீ வாயே தொறக்க மாட்டியே.”

“கொரங்குகிட்ட பேசணுமா இன்னா?”

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. “எப்பலேந்து இந்த ஆச?” என்று கேட்டார். நான் மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தேன். எப்போதிலிருந்து என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்வது. அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பருப்பு டப்பா எது, புளி எங்கே என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசியில் குக்கர் மூடியைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு, “சோத்துக்கு எத்தினி விசிலு, பருப்புக்கு எத்தினின்னு செவுத்துல எழுதி ஒட்டிட்டுப் போ” என்றார். பிறகு, “மீனு மட்டும் நான் ஆக்க மாட்டேன். அது நீ வந்துதான்” என்றார்.

அதனால் இதுதான் என் பதில். மெஷின் வரும். அதோடு நானும் வருவேன். தை பிறந்து மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வருகிறேன், இருவாச்சி கூட்டுக்குள் போகிற காலம் அது என்று நீ சொல்லியிருக்கிறாய். சிந்து ஒரு வலையை முதலிலிருந்து கடைசி வரை தனியாகத் தைக்கிற வரைக்கும் இருப்பேன். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாலும் நான் சீக்கிரம் திரும்பமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். காட்டிலாகாவில் அனுமதி வாங்கவேண்டும் என்றால் அது உன் வேலை. உங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற மேடத்திடம் கேட்பதும் உன் வேலை, நான் கேட்கமாட்டேன், எனக்கு வராது. வலையைக் கொட்டப் போகும் நாட்களில் என்னையும் கூட்டிப் போகவேண்டும். நடக்க முடியாமல் போனால் வழியில் உட்கார்ந்துகொள்கிறேன், திரும்பும்போது என்னைக் கூட்டிக்கொள்ளுங்கள். வர வேண்டாம் என்று தோன்றினால் அதையும் நேராகச் சொல். ஆனால் அப்படிச் சொன்னால் மெஷினும் வராது. இதை மிரட்டல் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்.

சிந்துவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், ஒளித்துவைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பேன். கம்பி சேருகிற இடத்தில் துணி சுருங்காமல் எப்படித் திருப்புவது என்பதையும் சேர்த்து. அந்த நீல டாப்ஸை அவளே வைத்துக்கொள்ளட்டும், திருப்பிக் கேட்காதே. உனக்கு வேறு தைக்கிறேன், இந்தத் தடவை தோளை அளந்துகொண்டு தைக்கிறேன். ஆனால் ‘அவள் எனக்குத் தங்கை மாதிரி, அவளை நீயும் அப்படியே நினைத்துக்கொள்’ என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அது ஆகிறபோது ஆகட்டும், ஆகாமலும் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பொள்ளாச்சி வரைக்கும் அப்பா கூட வருவதாகச் சொல்கிறார். அங்கிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு அவர் திரும்பிவிடுவார். அந்தப் பஸ் மேலே வந்து நிற்கும்போது, நீ தனியாக வந்து நில். அவளைக் கூட்டிக்கொண்டு வராதே. முகாமுக்குப் போகிற வழியெல்லாம் நாம் இரண்டு பேர் மட்டும் நடக்கவேண்டும். எந்த மரம், எந்தப் பறவை என்று நீ எனக்குக் காட்டிக்கொண்டே வா. அவளை நான் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்கிறேன்.